கடைசி 100 கிலோமீட்டர்

பனிச்சறுக்கில் ஸ்லாலம் என்றொரு பந்தயம் உண்டு. சரிவில் ஜோடி ஜோடியாகக் கம்பங்களை நட்டிருப்பார்கள். அவற்றுக்கு நடுவே வளைந்து நெளிந்து இறங்கி, யார் குறைந்த நேரத்தில் கீழே வருகிறாரோ அவருக்குப் பரிசு. ஒலிம்பிக் ஒளிபரப்பில் பார்த்திருப்பீர்கள். இந்த நவீன வடிவத்தை உருவாக்கி, 1922ல் சுவிட்சர்லாந்தின் மியூரென் கிராமத்தில் நடத்திக் காட்டியவர் ஆர்னால்ட் லன் என்ற ஆங்கிலேயர். அவர் பிறந்த ஊர் நம்ம மெட்ராஸ். 1888 ஏப்ரல் 18.

மெட்ராஸுக்கு இதில் பெருமைப்பட அதிகம் இல்லை. கைக்குழந்தையாகவே கப்பலேற்றிக்கொண்டு போய்விட்டார்கள். நமக்கு முக்கியமானவர் அவருடைய அப்பா ஹென்றி லன். மெதடிஸ்ட் சபையின் மருத்துவ மிஷனரியாக 1887ல் இந்தியா வந்தவர். சீதோஷ்ணம் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் அடுத்த வருடமே திரும்பினார். ஊருக்குப் போய்ச் சும்மா இருக்கவில்லை. இந்தியாவில் மிஷனரிகள் தேவைக்கு மேல் சொகுசாக வாழ்கிறார்கள், இப்படி இருந்தால் ஏழை ஜனங்கள் எப்படி நெருங்கி வருவார்கள் என்று ‘மெதடிஸ்ட் டைம்ஸ்’ பத்திரிகை வழியாகக் கேள்வி எழுப்பினார். சபைக்குள் பெரிய ரகளை. விசாரணைக் குழு அமைத்தார்கள், குழு மிஷனரிகள் பக்கமே பேசியது. சில வருடங்களில் லன் ஊழியத்திலிருந்தே விலகிவிட்டார்.

மிஷனரிகளின் சொகுசைக் கண்டித்த அதே மனிதர் அப்புறம் செய்த தொழில், பணக்கார ஆங்கிலேயர்களைக் கூட்டம் கூட்டமாக ஆல்ப்ஸ் மலை ஓட்டல்களுக்கு அழைத்துப் போவது. வாழ்க்கை வரலாறுகளில் இந்த மாதிரித் திருப்பம் வரும்போது எனக்கு ஒரு தனி சந்தோஷம் வருவதை மறைப்பானேன்.

லன் குடும்பத்தைத் தேடி நான் போன காரணம் வேறு. ஜெனீவாவில் இரண்டு குளிர்காலம் வேலை பார்த்தேன். ஸ்கீ போடத் தெரியாத ஒரே ஆள் நான் என்பதால், வார இறுதியில் மலைக்குப் போகும் ஆபீஸ் நண்பர்களுக்கு விமான நிலையத்திலிருந்து வேன் ஏற்பாடு செய்கிற வேலை என் தலையில் விழுந்தது. நம்ம ஊரில் பிக்கப், டிராப் என்போம். அங்கே அதற்குப் பெயர் டிரான்ஸ்ஃபர். லண்டனிலிருந்து ஜெனீவா வரை 700 கிலோமீட்டருக்கு மேல், அது ஒன்றரை மணி நேரம், ஒரு பிரச்சினையும் இல்லை. அங்கிருந்து மலைமேல் ஓட்டல் வரை கடைசி 100 கிலோமீட்டர் இருக்கிறதே, அதில்தான் எல்லாச் சிக்கலும். மூன்று போன், பத்து மின்னஞ்சல், யாராவது ஒருவரின் தெரிந்தவர். இந்தக் கடைசித் துண்டை ரயில் காலத்தில் எப்படிக் கடந்தார்கள், யார் கடக்க வைத்தார்கள் என்று கேட்டுக்கொண்டு போனால் ஹென்றி லன் வாசலில் போய் நிற்கும்.

1892ல் அவர் சுவிட்சர்லாந்தின் கிரிண்டெல்வால்ட் கிராமத்தில் ஒரு மாநாடு கூட்டினார். பிரிந்து கிடக்கும் கிறிஸ்தவ சபைகளை ஒன்றுசேர்ப்பது பற்றிப் பேச வெவ்வேறு சபைப் பாதிரியார்கள் வந்தார்கள். சபைகள் ஒன்றுசேரவில்லை. ஆனால் இத்தனை பேருக்கு ரயில் டிக்கெட், ஓட்டல் அறை, சாப்பாடு எல்லாம் மொத்த விலையில் பேசி முடிக்க முடியும், முடித்தால் கையில் காசு மிஞ்சும் என்பது லன்னுக்குப் புரிந்துவிட்டது. மலைமேல் ஊர், பனிக்காற்று, எதிரெதிர்க் கட்சிக்காரர்கள் ஒரே மேசையில் காபி குடிப்பது, நடுவில் ஏற்பாட்டாளர். பிற்காலத்தில் டாவோஸ் என்ற பெயரைக் கேட்டதும் நம் மனதில் வரும் படம் அன்றைக்கே தயார்.

தொழில் வளர்ந்தது. ஒரு இடைஞ்சல் மட்டும் இருந்தது. உயர்குடி ஆங்கிலேயருக்கு ‘டூர் ஏஜென்ட்’ மூலம் பயணம் போவது கௌரவக் குறைச்சல். தாமஸ் குக் கூட்டத்தோடு கூட்டமாகப் போவது குமாஸ்தாக்களின் வேலை என்று நினைத்தார்கள். லன் இதற்குக் கண்டுபிடித்த வழி, கம்பெனியை கிளப் ஆக்குவது. 1900களின் தொடக்கத்தில் உருவானது பப்ளிக் ஸ்கூல்ஸ் ஆல்பைன் ஸ்போர்ட்ஸ் கிளப். பெயரில் உள்ள ‘பப்ளிக் ஸ்கூல்’ நம்ம கார்ப்பரேஷன் பள்ளி இல்லை. ஈட்டன், ஹாரோ வகைப் பணக்காரப் பள்ளிகளுக்கு இங்கிலாந்தில் அப்படிப் பெயர். அவற்றில் படித்தவர்கள், பெரிய பல்கலைக்கழகப் பட்டதாரிகள், ராணுவ அதிகாரிகள், இந்த மாதிரி ஆட்களுக்குத்தான் உறுப்பினர் அட்டை. கிளப் சீசன் முழுக்க ஓட்டல்களையே மொத்தமாக எடுத்துக்கொள்ளும். உறுப்பினர் இல்லாத வெளியாள் அறை கேட்டால் கிடைக்காது, அவர் அந்த நாட்டுக்காரராகவே இருந்தாலும்.

இதை விடுமுறை என்று மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும். மாலை உடை மாற்றிக்கொண்டு சாப்பாட்டு மேசைக்கு வந்தால் இடது பக்கம் ஒரு பாரிஸ்டர், வலது பக்கம் ஐ.சி.எஸ். அதிகாரியின் மகன், எதிரே ஒரு பிஷப். இரண்டு வாரம் ஒன்றாக விழுந்து எழுந்தவர்கள் லண்டன் திரும்பினால் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதலாம், சிபாரிசு கேட்கலாம். எந்தப் பள்ளி, எந்தக் கல்லூரி, எந்த ரெஜிமென்ட் என்பதுதான் அங்கே ஒருவரின் அறிமுகம். இன்றைக்கு லிங்க்ட்இன் பக்கத்தில் பெயருக்குக் கீழே வரிசையாகப் போடுகிறோமே, அதே தகவல்.

கடைசித் துண்டுக்கு வருவோம். மியூரென் செங்குத்தான பாறை விளிம்பில், 1,600 மீட்டருக்கு மேல் உட்கார்ந்திருக்கிற ஊர். இன்றும் வெளியாட்கள் காரில் போக முடியாது. 1891லேயே லாட்டர்புருன்னன் பள்ளத்தாக்கிலிருந்து கம்பிவட ரயிலும் மேலே ஒரு சிறு மலை ரயிலும் போட்டுவிட்டார்கள். ஆனால் அது கோடைக்கு மட்டும். குளிர்காலத்தில் யார் வரப் போகிறார்கள் என்று பூட்டி வைத்திருந்தார்கள். 1910 வாக்கில் ஹென்றி லன் ரயில்காரர்களிடம் பேசிக் குளிர்காலத்திலும் ஓட்டச் சம்மதிக்க வைத்தார். நான் ஆளைக் கொண்டுவருகிறேன், நீங்கள் வண்டியை ஓட்டுங்கள் என்கிற ஒப்பந்தம். மியூரென் குளிர்கால ஊரானது அதன் பிறகுதான். அங்கே பனி எப்போதும் இருந்தது. வண்டிதான் இல்லாமல் இருந்தது.

மகன் ஆர்னால்டின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அவரைப் பற்றி எழுதியவர்கள் நிறையப் பேர். 1909ல் வேல்ஸில் மலையேறும்போது விழுந்து ஒரு கால் நொறுங்கி, குட்டையாகிப் போனது. அந்தக் காலோடுதான் வாழ்நாள் முழுக்க ஸ்கீ போட்டார். 1924ல் மியூரெனில் காந்தஹார் ஸ்கீ கிளப்பை நண்பர்களோடு தொடங்கினார். ஆப்கானிஸ்தான் காந்தஹாருக்கும் பனிச்சறுக்குக்கும் என்ன சம்பந்தம்? அங்கே போரில் பெயர் வாங்கிய ராபர்ட்ஸ் பிரபு 1911ல் ஒரு பந்தயக் கோப்பைக்குத் தன் பெயரைக் கொடுத்திருந்தார், அவ்வளவுதான். 1928ல் ஆர்னால்ட், ஆஸ்திரியாவின் செயின்ட் ஆன்டன் ஊர்க்காரர்களோடு சேர்ந்து ஆர்ல்பெர்க்-காந்தஹார் பந்தயத்தை ஆரம்பித்தார். என் கேள்விக்கு மிகக் கனமான பதில் கிடைத்தது செயின்ட் ஆன்டனில்தான்.

அந்த ஊர் ரயிலால் வந்தது. 1884ல் ஆர்ல்பெர்க் மலையைக் குடைந்து 10 கிலோமீட்டருக்கு மேல் சுரங்கப்பாதை போட்டார்கள். அதன் கிழக்கு வாய் செயின்ட் ஆன்டன். வியன்னாவிலிருந்தோ பாரிஸிலிருந்தோ ரயிலேறினால் சரிவின் அடியிலேயே இறங்கலாம். கடைசி 100 கிலோமீட்டர் பிரச்சினையே இல்லாத அபூர்வமான ஊர். அப்படியும் ஆட்கள் தானாக வந்து குவியவில்லை. இரண்டு பேர் வர வைத்தார்கள்.

ஒருவர் ஹான்னஸ் ஷ்னைடர். பக்கத்துக் கிராமத்தில் 1890ல் பிறந்தவர். உடம்பைத் தாழ்த்தி, முழங்காலை மடக்கி, படிப்படியாகத் திரும்பக் கற்றுக்கொடுக்கும் ஆர்ல்பெர்க் முறை அவருடையது. இன்று ஸ்கீ பள்ளிகளில் முதல் நாள், இரண்டாம் நாள் என்று வகுப்புப் பிரிக்கிறார்களே, அந்தப் பழக்கமெல்லாம் அவர் பள்ளியிலிருந்து பரவியது. 1920களிலும் 30களிலும் மலைப் படங்களில் நடித்து உலகப் பிரபலம் ஆனார். ஜப்பான்காரர்கள் கூப்பிட்டு 1930ல் அங்கேயும் போய்ச் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தார்.

இன்னொருவர் ருடால்ஃப் கோம்பெர்ஸ். 1878ல் வியன்னாவில் பிறந்த என்ஜினியர். துருக்கியில் ரயில் பாதை வேலை பார்த்துவிட்டு, உடம்பு தேற 1905ல் செயின்ட் ஆன்டன் வந்தவர், அப்படியே தங்கிவிட்டார். ஷ்னைடர் சரிவில் செய்ததைக் கோம்பெர்ஸ் மேசையில் உட்கார்ந்து செய்தார். சுற்றுலா அலுவலகம், விளம்பரம், ஸ்கீ பாடநெறிகள், வெளிநாட்டு கிளப்களோடு கடிதப் போக்குவரத்து, பனி நிலவரம் பற்றிய கட்டுரைகள் எல்லாம் அவர் பொறுப்பு. எந்த ரயிலில் எத்தனை பேர், எந்த விடுதியில் எந்த அறை என்று வருகிறவர்களுக்கு வழி பண்ணியவர். ஊர்க்காரர்களுக்கு வருமானம் என்ற ஒன்று வந்ததில் அவருக்குப் பெரிய பங்கு.

1938 மார்ச்சில் ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் வந்தது. நாஜிகளை வெளிப்படையாகவே பிடிக்காத ஷ்னைடரை உடனே கைது செய்தார்கள். அந்த மாதம்தான் ஆர்ல்பெர்க்-காந்தஹார் பந்தயம் அங்கே நடக்க இருந்தது. நண்பர் சிறையில் இருக்கும் ஊரில் பந்தயம் நடத்த மாட்டேன் என்று ஆர்னால்ட் லன் ரத்து செய்தார். நல்ல காரியம்தான், ஆனால் அது சிறைக்கதவைத் திறக்கவில்லை. திறந்தது வேறொரு சங்கிலி.

ஷ்னைடரிடம் படித்த ஒருவர் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷைர் மாநிலத்தில் நார்த் கான்வே ஊர்ப் பகுதியில் ஸ்கீ சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். அந்த ஊரில் பிறந்து நியூயார்க்கில் பெரிய வங்கித் தலைவர் ஆனவர் ஹார்வி கிப்சன். சொந்த ஊரைச் செயின்ட் ஆன்டன் மாதிரி ஆக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை, ஸ்கீ பள்ளியும் அவர் கைக்கு வந்திருந்தது. ஜெர்மனி அமெரிக்க வங்கிகளுக்குத் தர வேண்டிய கடனைப் பற்றிப் பேசும் குழுவிலும் அதே கிப்சன் முக்கியப் பொறுப்பில் இருந்தார். பெர்லினில் இருக்கிற பெரிய வங்கிக்காரர்களுக்கு அவரால் வேலை ஆக வேண்டியிருந்தது. பேசினார். 1939 பிப்ரவரியில் ஷ்னைடர் குடும்பத்தோடு நார்த் கான்வே ரயில் நிலையத்தில் இறங்கினார். ஸ்கீ பள்ளிப் பிள்ளைகள் இரண்டு பக்கமும் நின்று ஸ்கீ கம்புகளை உயர்த்தி வளைவு பிடித்து வரவேற்றார்கள். 1955ல் அந்த ஊரிலேயே காலமானார்.

ஷ்னைடர், அவருடைய மாணவர், மாணவரின் முதலாளி, முதலாளியின் கடன்காரர்கள். எண்ணிப் பார்த்தால் மூன்று தொடர்பு.

கோம்பெர்ஸுக்கும் தொடர்புகளுக்குப் பஞ்சமில்லை. ஐரோப்பிய ஸ்கீ உலகில் அவர் கடிதம் எழுதாத கிளப் குறைவு. கிறிஸ்தவராக வாழ்ந்தவர். நாஜி சட்டப்படி பிறப்பால் யூதர். பொறுப்புகள் பறிபோயின. இருந்தும் செயின்ட் ஆன்டனை விட்டுப் போகாமல் இருந்தார். மகன்களைக் காப்பாற்ற அவர் மனைவி கிளாரா, பிள்ளைகள் கணவருக்குப் பிறந்தவர்கள் இல்லை, ஆரியர் ஒருவருக்குப் பிறந்தவர்கள் என்று எழுதிக் கொடுத்தார். பிள்ளைகள் பிழைத்தார்கள். கோம்பெர்ஸை வியன்னாவுக்குப் போகச் சொன்னார்கள். 1942 மே மாதம் அங்கிருந்து ரயிலில் மின்ஸ்க் பக்கத்தில் உள்ள மாலி திரோஸ்தினெத்ஸுக்கு அனுப்பிக் கொன்றார்கள். அவர் கதையை ஆதாரமாக வைத்து டிரோல் நாடகாசிரியர் ஃபெலிக்ஸ் மிட்டெரர் 1987ல் ஒரு நாடகம் எழுதினார். அது வரைக்கும் அந்த ஊரின் சுற்றுலாப் பெருமையில் கோம்பெர்ஸ் பெயர் அவ்வளவாக அடிபடவில்லை.

ஷ்னைடருக்கு வேலை செய்த சங்கிலி கோம்பெர்ஸுக்கு ஏன் வேலை செய்யவில்லை என்று ஒற்றைக் காரணத்தில் அடக்க எனக்கு விருப்பமில்லை. ஒரு வித்தியாசம் மட்டும் கண்ணில் படுகிறது. கிப்சனுக்கு ஷ்னைடர் தேவைப்பட்டார், பெர்லினுக்கு கிப்சன் தேவைப்பட்டார். வழி பண்ணுகிறவரை அப்படி யாரும் தேவை என்று நினைப்பதில்லை. ஓட்டலில் போய் இறங்கியதும் வேனை மறந்துவிடுவதுபோல.

அடுத்து வந்ததை வேகமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அது வெற்றிக் கதை. எர்னா லோ என்று ஒரு வியன்னாப் பெண். ஆராய்ச்சிப் படிப்புக்காக லண்டன் வந்தவருக்கு ஊருக்குப் போகக் காசில்லை. 1932ல் ‘மார்னிங் போஸ்ட்’ பத்திரிகையில் சின்னதாக ஒரு விளம்பரம் கொடுத்தார்: ஆஸ்திரியாவுக்கு ஒரு குழுவை அழைத்துப் போகிறேன், இரண்டு வாரம், 15 பவுண்ட். பள்ளிப் பெயர் கேட்கவில்லை, கிளப் அட்டை கேட்கவில்லை. முன்பின் தெரியாதவர்கள் வந்து சேர்ந்தார்கள், அதுவே அவருடைய ஆயுள்காலத் தொழில் ஆனது. போருக்குப் பிறகு 1950ல் விளாடிமிர் ரைட்ஸ் என்ற ரஷ்யாவில் பிறந்த பத்திரிகையாளர் லண்டனிலிருந்து கோர்சிகா தீவுக்கு வாடகை விமானம் எடுத்து, விமானம், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து 32 பவுண்ட் 10 ஷில்லிங் என்று விற்றார். அரசாங்கம் முதலில் அனுமதி தந்தது ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் மட்டும். அங்கேயும் நீ யார் என்ற கேள்வி ஒரு வருடம் இரண்டு வருடம் வாசலில் நின்றுவிட்டுத்தான் நகர்ந்தது.

பேக்கேஜ் டூர் பனிமலைக்கும் ஏறியது. சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை. விமானத்திலிருந்து இறங்கினால் கம்பெனி ஜாக்கெட் போட்ட பெண் கையில் பட்டியலோடு நிற்பார், பெயருக்கு நேரே டிக் அடிப்பார், பஸ் நம்பர் சொல்வார். விமானம் மூன்று மணி நேரம் தாமதமா, பஸ் காத்திருக்கும், ஏனென்றால் இரண்டும் ஒரே கம்பெனியின் கணக்கு. தவறினால் யாரைக் கேட்பது என்பதில் குழப்பமே கிடையாது. 1990ல் ஐரோப்பிய சமூகம் இதைச் சட்டமாகவே எழுதியது. பேக்கேஜ் விற்றவரே முழுப் பயணத்துக்கும் பொறுப்பு.

அந்த ஏற்பாட்டை உடைத்தது மலிவு விமானம். ஐரோப்பிய வான்வழிக் கட்டுப்பாடுகள் 1993லிருந்து தளர்ந்து 1997ல் முழுசாக நீங்கின. 1995ல் லூட்டனில் ஆரம்பித்த ஈஸிஜெட் 1998ல் ஒரு சுவிஸ் விமானக் கம்பெனியில் பங்கு வாங்கிக்கொண்டு ஜெனீவாவில் காலூன்றியது. டிக்கெட்டை வீட்டிலிருந்தே வாங்கலாம். மலைமேல் அபார்ட்மென்டை இணையத்தில் தனியாகப் பிடிக்கலாம். வியாழக்கிழமை போய் திங்கட்கிழமை வரலாம். சுதந்திரம்! நடுவில் ஒரு 100 கிலோமீட்டர் மட்டும் யாருடைய கணக்கிலும் இல்லாமல் விழுந்துவிட்டது.

அந்த இடைவெளியில் முளைத்ததுதான் டிரான்ஸ்ஃபர் தொழில். எட்டு இருக்கை வேன் ஒன்று, ஒரு வெப்சைட், ஒரு மொபைல். மலை ஊர்களில் சீசன் வேலைக்கு வந்து அங்கேயே தங்கிப்போன ஆங்கிலேய இளைஞர்கள் பலர் இப்படி ஆரம்பித்தார்கள். ஜெனீவாவிலிருந்து ஷமோனி ஒன்றேகால் மணி நேரம், மோர்ஸின் சுமார் ஒன்றரை மணி நேரம், வால் டிசேர் என்றால் நல்ல நாளிலேயே மூன்று மணி நேரத்துக்கு மேல். பிப்ரவரி பள்ளி விடுமுறைச் சனிக்கிழமைகளில் மூட்டியே பள்ளத்தாக்குச் சாலையைப் பார்த்தால் தீபாவளிக்கு முந்தின நாள் தாம்பரம் ஞாபகம் வரும்.

இதை ஏற்பாடு செய்வதில் சில நுணுக்கம் உண்டு, நான் பட்டுத் தெரிந்துகொண்டவை. தனி வேன், பகிர்வு வேன் என்று இரண்டு வகை. பகிர்வில் விலை பாதிக்குப் பாதி குறையும், ஆனால் மற்ற விமானங்களின் பயணிகளுக்காகக் காத்திருக்க வேண்டும். ‘அதிகபட்சம் ஒரு மணி நேரம்’ என்பார்கள். அந்த ஒரு மணி யாருடைய விமானத்திலிருந்து எண்ணப்படுகிறது என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். ஸ்கீ பை எத்தனை, குழந்தை இருக்கை வேண்டுமா, வீட்டு வாசல் வரையா அல்லது பஸ் நிலையம் வரையா, இதெல்லாம் முன்கூட்டியே சொல்லவில்லை என்றால் டிரைவரோடு பார்க்கிங்கில் நின்று பேரம் பேச வேண்டிவரும். ஜெனீவா விமான நிலையத்துக்கு ஒரு வினோதம் உண்டு. கட்டடத்துக்குள்ளேயே ஒரு பிரெஞ்சுப் பகுதி இருக்கிறது, அங்கிருந்து சுவிஸ் சாலையைத் தொடாமல் பிரான்சுக்குள் போய்விடலாம். வேன் எந்தப் பக்கம் நிற்கிறது என்று தெரியாமல் வெளியே வந்துவிட்டால் திரும்பிப் போவது லேசில்லை. 2021லிருந்து பிரெஞ்சு மலை மாவட்டங்கள் பலவற்றில் நவம்பர் முதல் மார்ச் வரை குளிர்கால டயரோ சங்கிலியோ கட்டாயம். ‘நானே கார் வாடகைக்கு எடுத்துக்கிறேன்’ என்று கிளம்புகிறவர்கள் இதைக் கேட்டுக்கொள்வது நல்லது.

ஒரு பிப்ரவரியில் என் நண்பர்கள் ஆறு பேர் வந்த விமானம் இரண்டரை மணி நேரம் தாமதம். முன்பணம் வாங்கிய கம்பெனி காத்திருப்பு நேரம் முடிந்தது என்று வேனைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டது. விமானக்காரரைக் கேட்டால் உங்களை ஜெனீவாவில் இறக்கியாயிற்று என்றார். வேன்காரரைக் கேட்டால் விமானம் எங்களுடையது இல்லையே என்றார். இரண்டு பேரும் சொன்னது சரிதான், ராத்திரி பதினோரு மணிக்கு ஆறு பேர் ஸ்கீ பைகளோடு நின்றதும் நிஜம்தான். அவர்களை மலையேற்றியது, எங்கள் ஆபீஸ் வரவேற்பாளரின் பழைய அறைத்தோழியின் தம்பி. பகலில் வேறு வேலை, இரவில் வேன். அவரைப் பகிர்வு வேன் வெப்சைட் எதிலும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

சமூகவியலாளர் மார்க் கிரானவெட்டர் 1973ல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை ஒன்று இதைப் பற்றியது. தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களிடம், அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று கேட்டார். அடிக்கடி என்றவர்கள் 16.7 சதவீதம். எப்போதாவது என்றவர்கள் 55.6. அபூர்வமாக என்றவர்கள் 27.8. நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது நமக்கும் தெரிந்திருக்கும். புதுச் செய்தி தூரத்து ஆளிடமிருந்துதான் வரும். 2003 மே மாதம் ரீட் ஹாஃப்மன் குழுவினர் தொடங்கிய லிங்க்ட்இன், கிட்டத்தட்ட இந்த எண்ணத்தை மென்பொருளாக எழுதியதுதான். அதே வருடம் ஹாம்பர்க்கில் பின்னால் ஸிங் என்று பெயர் மாறிய தளமும் வந்தது. ஆரம்பத்தில் லிங்க்ட்இன்னில் முகம் தெரியாதவருக்கு நேரடியாக எழுத முடியாது. நடுவில் இருக்கும் நண்பரிடம் வேண்டுகோள் அனுப்ப வேண்டும், அவர் மனசு வைத்து அடுத்தவருக்குத் தள்ளிவிட வேண்டும். லன் காலத்து அறிமுகக் கடிதத்துக்கும் இதற்கும் தபால்தலைதான் வித்தியாசம்.

உறுப்பினர் கட்டுப்பாடு இல்லையே, யாரும் சேரலாமே என்பீர்கள். சேரலாம். எர்னா லோவின் விளம்பரம் செய்ததை இது கோடிக்கணக்கில் செய்திருக்கிறது, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் எந்தக் கல்லூரி, எந்தக் கம்பெனி என்ற இரண்டு வரியைப் பார்த்துவிட்டுத்தான் இன்றும் ஆட்கள் பதில் எழுதுகிறார்கள். நிஜ கிளப்பும் போய்விடவில்லை. 1971ல் கிளாஸ் ஷ்வாப் டாவோஸில் ஐரோப்பிய நிர்வாகிகளை முதல்முறை கூட்டினார், 400க்கு மேற்பட்டவர்கள் வந்தார்கள். இன்று அதற்குப் பெயர் உலகப் பொருளாதார மன்றம். எல்லோரும் எல்லோரையும் திரையிலேயே பார்க்கக்கூடிய காலத்திலும் ஜனவரி தோறும் சூரிக்கில் இறங்கி, அந்தக் கடைசி 150 கிலோமீட்டரைக் காரிலோ ஹெலிகாப்டரிலோ லாண்ட்குவார்ட்டில் ரயில் மாறியோ கடந்து மேலே போகத்தான் செய்கிறார்கள்.

சுவிஸ் மலை ஓட்டல்களின் சமையலறைகளில் நிறையத் தமிழ் கேட்கும். 1980களிலிருந்து யுத்தத்துக்குத் தப்பி வந்த ஈழத் தமிழர்கள் பலருக்கு முதலில் கிடைத்தது பாத்திரம் கழுவுகிற வேலைதான். என் மனைவி வழியில் உறவு ஒருவர், வலே மாநிலத்தில் ஒரு மலை ஓட்டலில் முப்பது வருடமாக இருக்கிறார், இப்போது சமையல்காரர். வேலை எப்படிக் கிடைத்தது என்று கேட்டேன். “ஊர்ப் பெடியன் ஒருத்தன் முதலாளியோட கதைச்சுவிட்டவன் தம்பி. அடுத்த கிழமை வேலைக்குப் போயிட்டன்,” என்றார். அவர் மகள் ஓட்டல் நிர்வாகம் படித்தவள், மூன்று வருடத்துக்கு முன் ஏதோ பயிற்சி வகுப்பில் ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்த பெண் லிங்க்ட்இன்னில் எழுதியதால் லொசானில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். அப்பாவுக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. ஒரு நாள் கண்ட பழக்கத்துக்கு ஆர் வேலை குடுப்பினம் என்கிறார்.

கடைசியாகப் பார்த்தபோது அவரிடம் இந்த வேன் விவகாரத்தைச் சொல்லிப் புலம்பினேன். சிரித்தார். அவர்கள் ஓட்டலில் சாப்பாட்டு நேரம் ஒன்பதரைக்கு முடிகிறது என்று பலகையில் எழுதியிருக்கிறது. “அது மற்ற நாளுக்கு. சனிக்கிழமை எண்டால் எந்த வேன் எப்ப வருமெண்டு ஆருக்கும் தெரியாது. நான் சூப்பை மட்டும் பன்னிரண்டு மணி மட்டும் அடுப்பில விட்டிருப்பன்.”